பெரியப்பா வாயை மூடிய நாள்

என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, சிமெந்து விளிம்பில், ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. காற்றில் விழுந்துவிடாமல் மெல்லிய கம்பியால் ஜன்னல் கிராதியோடு கட்டியிருக்கிறது. லேபிளைச் சுரண்டியெடுத்த பசை ஒரு பக்கத்தில் இன்னும் மங்கலாகத் தெரியும். பாதிக்குச் சற்று மேலே சிவப்பு நகப்பூச்சால் இழுத்த ஒரு கோடு; கையால் இழுத்தது என்பதால் நேராக இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. பூ வைக்கவா, காக்கைக்குத் தண்ணீர் வைக்கவா என்று கேட்பார்கள். மழைக்கு என்பேன். மொட்டைமாடியில் நல்ல மழைமானி ஒன்றைப் பொருத்தி, அது சொல்வதைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் கந்தோரில் ஜாம் போத்தலில் மழை பிடிப்பானேன் என்ற கேள்வி அவர்கள் முகத்தில் ஓடும். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. சொல்வதென்றால் என் மதினியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மதினி எனக்கு மதினியாவதற்கு முன்பு கந்தோரில் பக்கத்துக் கதிரை. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கெம்பஸில் கணினி படித்துவிட்டு, கண்டியில் ஒரு போர்டிங் அறையில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூப்பு என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. என்னைக் கூட்டிப்போக வந்த அண்ணன் கையில் ஒரேயொரு குடை. ஹேவாஹெட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடப் பார்த்த அக்காவிடம் அந்தக் குடையை நீட்டிவிட்டு, கூடப்பிறந்த தங்கச்சியை வத்தேகம பஸ் வரைக்கும் நனைய நனைய நடத்திக் கூட்டிப்போனான். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். குடை திரும்பி வரவேயில்லை. குடையைக் கொண்டுபோனவர்தான், அடுத்த வருடம், எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து சேர்ந்தார். எங்கள் சாமி மாடத்தில் முருகனுக்குப் பக்கத்தில் மாதாவின் சின்னப் படம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு இரண்டு பேருக்கும் சேர்த்தே விளக்கேற்ற ஆரம்பித்துவிட்டாள்.

கல்யாணம் முடிந்து கந்தோருக்கு வந்த முதல் நாள், என் கதிரையைத் தன் கதிரையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டார். "இனி நீ எனக்கு நாத்தனார். கொஞ்சம் தள்ளி இருக்கிறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். மத்தியானம் சோற்றைப் பிரிக்கும்போது தானே அதை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நான் மதினி, மதினி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கந்தோரில் புதிதாகச் சேர்ந்த சிங்களப் பிள்ளைகள் அதுவே அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை. ஊரெல்லாம் தனக்கு நாத்தனார் இருப்பது பெருமைதான் என்பார்.

எங்கள் கந்தோரில் செய்வது மழையைச் சொல்லும் பெட்டி. மண் சரியக்கூடிய மலைச்சரிவுகளில் ஒரு மழைமானியும் அதோடு ஒரு சின்னப் பெட்டியும் நட்டுவைப்போம். மழை ஓர் அளவைத் தாண்டினால் பெட்டி தானாகவே கீழே குடியிருப்பவர்களின் போனுக்கு அடிக்கும். கந்தோர்த் திரையிலும் காட்டும். பெட்டிக்குள் இருப்பதும் ஒரு கணினிதான். எந்தக் கணினிக்கும் அடியில் கெர்னல் என்று ஒரு பகுதி உண்டு. வீட்டில் ஸ்டோர் சாவியை இடுப்பில் செருகி வைத்திருக்கும் மனுஷியைப் போன்றது அது. மற்ற நிரல்கள் எதைத் தொடுவதானாலும் அதைக் கேட்டுத்தான் தொட வேண்டும். மழைமானியிடம் பேசி, எவ்வளவு பெய்தது என்று கேட்டு வாங்குகிற கெர்னல் பகுதியை எழுதியவர் மதினி. அந்த இடத்தில் ஒரு பிழை நடந்தால் மேலே இருக்கும் எதற்கும் தெரியாது. கீழே சொன்னதை நம்பித்தான் மேலே எல்லாம் நடக்கும்.

நிரலை ஓட்டிப் பார்த்துச் சோதிப்பது ஒரு வகை. ஓட்டாமலேயே வரிவரியாகப் படித்து, இந்த வழியாகப் போனால் இப்படி ஆகிவிடலாம் என்று எச்சரிக்கும் கருவிகளும் இருக்கின்றன. கல்யாண வீட்டில் முன்வரிசைக் கதிரையில் சாய்ந்துகொண்டு, பந்தியில் உட்காராமலே சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லும் பெரியப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். மதினி அந்தக் கருவிக்கு வைத்த பெயர் பெரியப்பா. அந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. சிங்களப் பிள்ளைகள்கூடக் காலையில் வந்ததும் "பெரியப்பா மொகத கியன்னே" என்று, அவர் என்ன சொல்கிறார் என்று விசாரிப்பார்கள். பெரியப்பா சும்மா இருக்க மாட்டார். ஸ்டோரைப் பூட்டினாயே, பின்கதவால் போனால் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லையே என்பார். போய்ப் பார்த்தால் பின்கதவே இருக்காது. இப்படிப் பெரும்பாலானவை வீண்பயம். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஒன்றிரண்டு நிஜமாகவே உப்பில்லாத சாம்பாராக இருந்துவிடும். எது எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பெரியப்பாவை வாயை மூடச் சொல்ல வழியிருக்கிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டால் அதைப் பற்றி மறுபடி பேச மாட்டார். மதினி கந்தோரில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். குறி போடுபவர், ஏன் போட்டோம் என்று சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுத வேண்டும். தேவையில்லாத எச்சரிக்கை என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார். "பெரியவங்கள பேசாதீங்கன்னு சொல்லலாம். ஏன்னு சொல்லிட்டுச் சொல்லணும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். அவர் ஓர் எச்சரிக்கையைத் துரத்திக்கொண்டு போவதைப் பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. சிந்திய பிளேன்டீயில் விரலைத் தொட்டு, இங்கே பிரியுது, இங்கே சேருது என்று மேசையிலேயே பாதை வரைவார். வாய்க்குள் ஏதாவது கோயில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை நிஜம் என்று பட்டதும் பாட்டு நின்றுவிடும். மேசைக்கடியில் செருப்பைக் கழற்றுவார். அந்தச் சத்தம் கேட்டாலே நான் என் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். ஏன் செருப்பைக் கழற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு, கால் தரையில் பட்டால்தான் மூளை ஓடுகிறது என்றார்.

அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த வேலை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருடையது. பெட்டிகள் பருவ மழைக்கு முன் மலைக்குப் போயாக வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. பெரியப்பாவின் அறிக்கை வெறுமையாக இருக்க வேண்டும், ஒரு குறியோ விளக்கமோ அதில் இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருந்தது. மதினிக்கு மட்டும் பிடிக்கவில்லை. காரணம் சொல்லி வாயை மூடச் சொல்வதை மறுத்தால், காரணம் சொல்லாமல் மூடவைக்கும் வழியைத்தான் ஆட்கள் தேடுவார்கள் என்றார். எங்கள் பொஸ் அக்குறணைக்காரர், வியாபாரக் குடும்பம், நல்ல மனுஷர். வாடிக்கையாளரிடம் அதையெல்லாம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டார். பல நாட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வந்தோம்.

பெட்டிகள் போக வேண்டிய நாளில் வேன் கீழே தெருவில் நிற்கிறது. அது நிறுத்தக் கூடாத இடம் என்பதால் பொலிஸ்காரர் சத்தம் போடுகிறார். பொஸ் படியில் பாதிவரை ஏறி, முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்கிறார். நான் பெட்டிகளுக்குப் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். திரையில் ஒரே ஓர் எச்சரிக்கை பாக்கி. மழைமானியிடம் கேட்டுவரும் பகுதியில், ஒரு வழியாகப் போனால் என்ன பதில் சொல்வது என்றே எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்கிறார் பெரியப்பா. மதினி ஒரு கணம் பார்த்தார். அந்தப் பகுதியின் முதல் வரியிலேயே பதிலைப் பூச்சியம் என்று எழுதிவைத்தார். அறிக்கை வெறுமையாகிவிட்டது. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். செருப்பு அவர் காலிலேயே இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

கெர்னலில் பூச்சியம் என்று பதில் வந்தால், போன காரியம் முடிந்தது, குறையொன்றுமில்லை என்று அர்த்தம். கடைக்கு அனுப்பிய ஆள், கடை பூட்டியிருந்தால் பூட்டியிருக்கிறது என்று வந்து சொல்ல வேண்டும். நாங்கள் அனுப்பிய ஆளுக்கு, வாங்கியாயிற்று என்ற பதிலை வீட்டிலேயே சட்டைப்பையில் போட்டு அனுப்பிவிட்டோம். கடை திறந்திருக்கும்வரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மழைமானி பேசிக்கொண்டிருக்கும்வரை எல்லாச் சோதனையிலும் பெட்டி சரியாகவே இருந்தது. மழைமானியின் வயர் அறுந்தால் மட்டும், கேட்டாயிற்று, குறையொன்றுமில்லை, மழையும் இல்லை என்று சாதிக்கும். கெர்னல் எழுதுகிறவர்கள் எல்லாரும் எப்போதாவது செய்கிற தவறு இது. மதினி செய்யக்கூடிய தவறு என்று நான் கனவிலும் நினைத்திருக்க மாட்டேன்.

பெட்டிகளில் ஒன்று மதினியின் சொந்தத் தோட்டத்துக்குப் போனது. அதற்காக அவர் யார் யாரிடமோ பேசி, நடையாய் நடந்திருந்தார். அந்த லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு கரை. அதற்கு மேலே தேயிலை மலை. மதினியின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவருக்கு மழையென்றால் ஒரு கணக்கு உண்டு. தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டே போகலாமா இருக்கலாமா என்று முடிவெடுப்பார். அவர் கிளம்பினால் வரிசையில் இருக்கும் காம்பரா வீடுகள் எல்லாம் கிளம்பும். பிள்ளைகளையும் பாயையும் தூக்கிக்கொண்டு, கொங்கிரீட் கூரை போட்ட தோட்டத்து ஸ்கூலுக்குப் போவார்கள். பல தடவை ஒன்றும் நடக்காமல், நனைந்ததுதான் மிச்சம் என்று திரும்பி வந்திருக்கிறார்கள். பெட்டி நட்ட அன்று மதினி தன் அம்மாவிடம், இனி சும்மா சும்மா நனைந்துகொண்டு ஓட வேண்டியதில்லை, பெட்டி அடித்தால் போனால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். படித்த படிப்பு முதல் தடவையாகத் தன் அம்மாவின் கூரைக்கு ஏதோ செய்துவிட்டது என்ற சந்தோஷம்.

மழை வந்தது. ஒரு பின்னேரம் கண்டி வாவி தெரியாத அளவுக்கு மூடிக்கொண்டு பெய்தது. திரையில் மற்ற மலைகளின் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன; ஹேவாஹெட்ட மட்டும் பூச்சியத்தில் நின்றது. எங்கள் மலைநாட்டில் ஒரு மலையில் கொட்டும்போது அடுத்த மலையில் வெயில் அடிப்பது புதிதில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மதினி அப்போது தன் அம்மாவுக்குப் போன் எடுத்ததுகூட மழையைப் பற்றிக் கேட்பதற்காக இல்லை. வருகிற வாரம் அண்ணனோடு வருவதாகச் சொல்லத்தான். நான் பக்கத்தில் இருந்தேன். எதிர்ப்பக்கத்துக் குரல் கேட்கவில்லை, அதற்கு மேல் ஓர் இரைச்சல். மதினி ஒலிபெருக்கியைப் போட்டு, என்னம்மா அது சத்தம் என்று கத்திக் கேட்டார்.

"மழ புள்ள. தகரத்துல கொட்டுது. காலையிலிருந்து இப்பிடித்தான். உன் பெட்டி ஒன்னும் அடிக்கல, அதான் எல்லாரையும் இருக்கச் சொல்லிட்டு இருக்கேன்."

மதினி திரையைப் பார்த்தார். அதில் பூச்சியம் நின்றுகொண்டிருந்தது. நான் அவரோடு பழகிய இத்தனை வருடத்தில் அவர் முகம் அப்படி வெளுத்ததைப் பார்த்ததில்லை. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"அம்மா, பெட்டி பொய் சொல்லுது. எந்திரிங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க."

"பொய் சொல்லுதா? நீ செஞ்ச பெட்டிதானே?"

"நான் செஞ்சதுதான். அதனாலதான் சொல்றேன். போங்கம்மா."

அவர்கள் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லும்வரை மதினி நிரலைத் திறக்கவில்லை. நான் திறக்கப் போனபோதும் கையைப் பிடித்துத் தடுத்தார். மறுபடி போன் வந்து, அத்தையின் குரல் இரைச்சல் இல்லாமல் தெளிவாகக் கேட்ட பிறகுதான் மேசைக்கடியில் செருப்பு கழன்ற சத்தம் வந்தது. அதற்கு மேல் தேட வேண்டியிருக்கவில்லை. நேராக அந்த வரிக்குப் போனார். தான் எழுதிய பூச்சியத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "பெரியப்பா சரியாத்தான் சொன்னாரு. நாந்தான் வாயை மூட வச்சேன்" என்றார். கந்தோரில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. அந்தப் பூச்சியத்தை அழித்துவிட்டு, மழைமானி பதில் சொல்லவில்லை என்று சொல்லும் எண்ணை அந்த இடத்தில் போட்டார்.

அன்று மண் சரியவில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த கரை ஓரிடத்தில் கை நுழையுமளவுக்கு வெடித்து, அதோடு நின்றுகொண்டது. நனைந்ததுதான் மிச்சம் என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை என்று அத்தை பிறகு சொன்னார்.

மற்ற மலைகளில் இருந்த பெட்டிகளுக்குள்ளும் அதே பூச்சியம் இருந்தது. எல்லாவற்றுக்கும் புதிய நிரலை அனுப்பும்போது காரணம் எழுத வேண்டும். பொஸ் தயங்கினார். சிறு முன்னேற்றம் என்று எழுதிவிடலாமே, வேலையே கைவிட்டுப் போய்விடுமே என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அந்த ஒரு வேலையை வைத்துத்தான் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மதினி சத்தம் போடவில்லை. "பொஸ், எங்கம்மா அந்தப் பெட்டிய நம்பி உக்காந்திருந்தாங்க. நான் தற்செயலா போன் எடுத்தேன். வேற யாரோட அம்மா எங்க உக்காந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். பொஸ் அசர் தொழுகைக்குக் கீழே இறங்கிப் போனார். திரும்பி வந்து, கதிரையில் உட்காராமலே, "எழுதுங்க தங்கச்சி. உள்ளதை உள்ளபடி எழுதுங்க. என்ட பேரையும் போடுங்க" என்றார். மதினி எழுதினார். எச்சரிக்கை உண்மையானது, நான் அதை மறைத்தேன், மழைமானி பேசாதபோது பெட்டி மழையில்லை என்று சொல்லியிருக்கும், உடனே மாற்றுங்கள். இவ்வளவுதான். வேலை போகவில்லை. விளக்கத்தோடு குறி போடுவதை இனி ஏற்கிறோம் என்று வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்தது. மதினி அதைப் படித்துவிட்டு, பெரியப்பாவுக்கு இனி மரியாதையோடு பதில் சொல்லலாம் என்றார்.

அதோடு விட்டிருந்தால் அவர் என் மதினியாக இருந்திருக்க மாட்டார். பெட்டியைத் திருத்திவிட்டோம், ஆனால் அது மறுபடி வேறொரு வகையில் பொய் சொல்லாது என்று யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். ஒரே மாதிரியான, தோள் குறுகாத, நேரான ஜாம் போத்தல்கள் வேண்டுமென்றார். பொஸ் அக்குறணையில் தன் தம்பியின் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறைய வெறும் போத்தல்களைக் கொண்டுவந்து இறக்கினார். அதில் ஒன்றை மொட்டைமாடி மழைமானிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு மழைக்கு அளந்து பார்த்து, கோடு எந்த உயரத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நாங்களும் சாக்கைத் தூக்கிக்கொண்டு தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்ட பஸ்ஸில் போனோம். வழி முழுக்கப் போத்தல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு வந்தன. பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைப் பழைய போத்தல் வியாபாரிகள் என்று நினைத்து விலை கேட்டார்கள். அண்ணன் சளைக்காமல் பேரம் பேசிக்கொண்டு வந்தான்.

மலையில் போய்ப் பார்த்தபோது வயரை எலி கடித்திருந்தது. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் லயத்துச் சனமெல்லாம் நின்றபோது மதினி நடந்ததைச் சொன்னார். கெர்னல், கருவி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவசரத்தில் நான் ஒரு பதிலை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டேன், அதனால் பெட்டி தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டது என்றார். தோட்டத்தில் முதல்முதலாகக் கெம்பஸ் போன பெண் அப்படி நின்று சொல்வதைச் சனம் கிட்ட வந்து நின்று கேட்டது. அத்தைதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப இனிமே பெட்டிய நம்ப வேணாங்கிறியா?"

"நம்புங்கம்மா. அது அடிச்சா நம்புங்க. அது பேசாம இருக்கும்போது மட்டும் நம்பாதீங்க."

பிறகு அத்தையின் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து போத்தல்களுக்குக் கோடு போட்டோம். மார்க்கர் மையெல்லாம் மழையில் அழிந்துவிடும் என்று மதினி சொல்ல, என் கைப்பையிலிருந்த சிவப்பு நகப்பூச்சி வெளியே வந்தது. இத்தனை நாளும் நீ பூசியதிலேயே இதுதான் பிரயோசனமான பூச்சு என்றார். அளவுகோலை வைத்து இடத்தை அவர் காட்ட, கோட்டை நான் இழுத்தேன். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒன்று கொடுத்து, வெளியில் திறந்த இடத்தில் வைக்கச் சொன்னார். தண்ணீர் கோட்டுக்கு வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், பெட்டியையும் கேட்க வேண்டாம், கிளம்புங்கள் என்றார். மிச்சமான ஒரு போத்தல் எங்களோடு கந்தோருக்கு வந்தது. அதுதான் இந்த ஜன்னலில் இருப்பது.

நாடு நொடித்துப்போய், பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் எத்தனையோ பேர் போனார்கள். அண்ணனும் மதினியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெல்பர்ன் போனார்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போங்கள் என்றும் வரவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். நாத்தனார் இப்போதுதான் நாத்தனார் மாதிரி நடக்கிறாள் என்று அண்ணனிடம் சொன்னாராம். கடைசி நாள் கந்தோரில் தன் கதிரையை இழுத்து என் கதிரைக்கு ஒட்டிப் போட்டுவிட்டுப் போனார். நான் அதை இன்னும் எடுத்து வைக்கவில்லை. எனக்கு அவரை நினைத்தால் பெருமையாக இருக்கும், அதற்குப் பின்னாலேயே கோபம் வரும், கோபம் போனதும் அந்தக் காலிக் கதிரையைத் துடைத்துவைப்பேன். பெரியப்பா இப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். வாயை மூட வைக்கும் பிள்ளைகளிடம், ஏன் என்று எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புவது இப்போது என் வேலை. அத்தை மட்டும் எங்கேயும் போகவில்லை. மகளிடம் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு, அங்கே மழை சத்தமே கேட்பதில்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார்.

இன்று காலையிலிருந்து மழை. மத்தியானத்துக்குள் ஜன்னல் போத்தலில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. திரையில் ஹேவாஹெட்டவின் எண் அதற்கும் மேலே. அத்தைக்குப் போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். அதற்குள் மெல்பர்னிலிருந்து மதினி. சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

"போத்தல் எவ்வளவு?"

"கோட்டுக்கு வந்துருச்சு மதினி. ஹேவாஹெட்டல இன்னும் கூடுதல். அத்த போன எடுக்கவே இல்ல."

அப்போது தெரியாத எண் ஒன்றிலிருந்து இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. மதினியை நிறுத்திவைத்துவிட்டு எடுத்தேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அத்தையின் குரல் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. தகரச் சத்தம் துளிக்கூட இல்லை. அவர் சொல்வதற்கு முன்பே நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என் போன காம்பராவுலயே வச்சிட்டு வந்துட்டேன், இது பக்கத்து வீட்டுப் புள்ளையோடது. எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம். போத்தல் கோட்டுக்கு வந்திச்சு, கிளம்பிட்டோம். பாதி வழியிலதான் எல்லா போனும் அடிச்சிச்சு. அவகிட்ட சொல்லிருங்க, அவ பெட்டி நல்லாத்தான் வேல செய்யுது. நாங்கதான் கொஞ்சம் முந்திட்டோம்."

மதினியிடம் அதை அப்படியே சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்று கந்தோரில் எல்லார் முன்னாலும் அழாதவர் அத்தனை தூரத்தில் உட்கார்ந்து இப்போது அழுதார். நான் போனைக் காதில் வைத்தபடியே ஜன்னலைத் திறந்து, போத்தலை அவிழ்த்து, தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்துக் கம்பியை முறுக்கினேன். மழை விட்டபாடில்லை.